நாலாவது பெட்டிக்கு யார் முறை

இல்லை ஸ்பூர்த்தி, அப்படிச் செய்யாதே. போன வாரம் போனில் நீ கேட்டபோது, தாராளமாகச் செய், நான் இத்தனை வருஷமாக அப்படித்தான் செய்கிறேன், ஒருவருக்கும் மனக்கசப்பு வந்ததில்லை என்று சொன்னேன். பெருமையோடு சொன்னேன். அந்தப் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். நீ அங்கே குளிருக்குப் பழகிச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் சுகம். உன் அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் வலிக்கிறது. மற்றபடி நான் சுகமில்லை. அதைத்தான் எழுத வேண்டும்.

போனில் சொல்ல முடியவில்லை. திரையில் உன் முகம் வந்ததும் சிரித்துவிடுகிறேன். சிரித்த பிறகு இந்த மாதிரி விஷயத்தைத் தொடங்க முடிவதில்லை. நம் தெரு அங்கடி குடும்பத்து மருமகன் வருகிற புதன்கிழமை ஸ்டுட்கார்ட்டுக்குத் திரும்புகிறான், ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுபோகிறேன் என்றான். மொறுமொறுப்பான கடக் சோள ரொட்டி, நிலக்கடலைச் சட்னிப்பொடி, கொஞ்சம் எள்ளுருண்டை. ரொட்டிக்கும் பொடிக்கும் நடுவில் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். எண்ணெய் பட்டிருந்தால் பொறுத்துக்கொள். நீ கேட்ட விஷயத்துக்குக் கெடு மாதக் கடைசி என்றாய். அதற்கு முன் வந்துவிடும்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நான் உனக்குச் சொன்ன விதம் வேறு, அதனால் மறுபடி சொல்கிறேன். ஒவ்வொரு மார்ச்சிலும் என் பிரிவில் இருக்கிற ஒன்பது பேரையும் நாலு பெட்டிகளில் போட வேண்டும். முதல் பெட்டி மிகச் சிறப்பு. நாலாவது, தேறாதவர். நாலாவதில் ஒருவராவது இருந்தே தீர வேண்டும், காலியாக விடக் கூடாது, அது கம்பெனி விதி. நான் தலைமைக்கு வந்த முதல் வருஷம் அந்த ஒரு பெயரை எழுத என் கை வரவில்லை. எல்லாரும் குடிநீர்க் குழாய்க்கு வால்வு வரைகிறவர்கள். எல்லாரும் நேரத்துக்கு வருகிறவர்கள். எல்லாரையும் எனக்குப் பிடிக்கும். அதனால் முறை வைத்தேன். இந்த வருஷம் இவர், அடுத்த வருஷம் அவர். பெட்டியில் விழுந்தவருக்கு அந்த ஒரு வருஷம் சம்பள உயர்வு மெலிதாக வரும், அடுத்த வருஷம் சரிக்கட்டிவிடுவேன். ஒளித்துச் செய்யவில்லை. எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னேன், எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு அது ஒரு விழா மாதிரி ஆகிவிட்டது. யார் முறையோ அவர் அந்த வருஷ மாப்பிள்ளை. தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிற கடையில் மற்றவர்கள் அவருக்கு மிளகாய் பஜ்ஜியும் கிர்மிட் பொரியும் வாங்கிக் கொடுக்க வேண்டும். "மாப்பிள்ளைக்கு இன்னொரு பஜ்ஜி வைங்கப்பா, வருஷம் பூரா தேறாதவரா இருக்கணும், தெம்பு வேணும்ல" என்பான் விநாயக். "நான் மாப்பிள்ளையா இருந்தப்ப ஆறிப்போன பஜ்ஜிதானே குடுத்தீங்க, நான் மறக்கமாட்டேன்" என்பான் கூடவே. நானும் நின்று சிரிப்பேன். மற்ற பிரிவுகளில் மார்ச் மாதம் கழிவறையில் அழுகை கேட்கும். என் பிரிவில் பஜ்ஜி. அதை என் திறமை என்று நினைத்திருந்தேன்.

இந்த வருஷம் ராஜேஸ்வரியின் முறை. அவளை உனக்குத் தெரியும், உன் திருமணத்துக்கு வந்து ரங்கோலி போட்டாளே. பிரசவ விடுப்பு முடிந்து ஜனவரியில்தான் வந்தாள். பிரிவில் இருக்கிற மகாந்தேஷ் என் மேசைக்கு வந்து, "மேடம், ராஜேஸ்வரி முறைய என் பேருக்குப் போடுங்க. புள்ள பெத்துட்டு வந்தவங்களுக்கு நாலு போட்டா பாக்கறவங்க வேற மாதிரி நெனப்பாங்க. எனக்கென்ன மேடம், இன்னொரு தடவ மாப்பிள்ளை ஆகறேன், வீட்டுல மட்டும் சொல்லாதீங்க" என்றார். நெகிழ்ந்துபோனேன். என் பிரிவில் எப்படிப்பட்ட மனிதர்கள் என்று வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். நாலாவது பெட்டியில் மகாந்தேஷ் கம்மார என்று எழுதி அனுப்பினேன். என் பிரிவிலேயே நன்றாக வரைகிறவர் அவர், அதை நேற்றுத்தான் கண்டுகொண்டேன்.

புதன்கிழமை தேசாயி கூப்பிட்டான். ஆட்களைப் பார்க்கிற பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிற பையன், பெங்களூரிலிருந்து. மரியாதையான பையன், குற்றம் சொல்ல முடியாது. பெயர்கள் போய்ச் சேர்ந்த பிறகு மேலிடத்திலிருந்து புது விதி வந்திருக்கிறதாம். "இந்த வருஷம் நாலு வாங்கினவங்களுக்கு மூணு மாசம் டைம் மேடம். அதுக்குள்ள தேறலன்னா அனுப்பிடறோம். மகாந்தேஷ்கிட்ட நீங்களே சொல்லிட்டா நல்லாருக்கும், உங்க டீம் உங்க மேல உயிரையே வச்சிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றான். மகாந்தேஷ் நல்ல ஆள் என்றேன். "நல்ல ஆள்னா நாலு ஏன் மேடம்?" என்றான். கேலி இல்லை, உண்மையிலேயே கேட்டான். முறை என்று சொல்ல வரவில்லை. பஜ்ஜிக் கடையில் அவ்வளவு இயல்பாக இருந்த சொல்லை அந்த அறையில் சொல்ல வெட்கமாக இருந்தது. அவன் திரையைப் பார்த்தபடி, "இவருக்கு முன்னாடியும் ஒரு நாலு இருக்கே. பெலகாவில புது யூனிட் வந்தப்ப பிரிவுத் தலைவர் வேலைக்கு ரெண்டு தடவ கேட்டிருக்கார். அந்த நாலப் பாத்துட்டுத்தான் ஒதுக்கியிருக்காங்க. நீங்க குடுத்ததுதான் மேடம் அது" என்றான். எனக்குத் தெரியாது ஸ்பூர்த்தி. கேட்டதும் தெரியாது, ஒதுக்கியதும் தெரியாது. மகாந்தேஷ் என்னிடம் சொன்னதில்லை. நானும் அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை, நீங்கள் அடுத்து என்னவாக வேண்டும் என்று. "தண்ணி குடிக்கறீங்களா மேடம்?" என்றான் தேசாயி. குடித்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் தண்ணீரைக் குடித்தேன். கடைசியில் அவனே, "வேற யாராச்சும் மனசுல இருந்தா திங்கக்கிழமை மதியத்துக்குள்ள சொல்லுங்க, மாத்திடலாம். பெட்டி காலியா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றான்.

அன்று மதியமே மகாந்தேஷிடம் சொன்னேன். அதையாவது செய்தேன் என்று எழுத ஆசை, ஆனால் எப்படிச் சொன்னேன் என்பதையும் எழுத வேண்டும். சாப்பாட்டு நேரம், எல்லாரும் கீழே போயிருந்தார்கள். அவர் டப்பாவைத் திறந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மகனின் பரீட்சையைப் பற்றிக் கேட்டேன், அவர் மாமனாரின் கண் ஆபரேஷனைப் பற்றிக் கேட்டேன், எல்லாம் கேட்டு முடித்து, கேட்க இனி ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு சொன்னேன். அவர் பிய்த்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நீங்க வருத்தப்படாதீங்க மேடம். நாம எல்லாரும் சேர்ந்து வச்ச முறைதானே. நானே கேட்டு வாங்கினது. இதுல நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். என்னைத் தேற்றினார். வேலை போகப்போகிற மனிதர், வேலையைப் போக்கியவளைத் தேற்றுகிறார். நான் தலையை ஆட்டி அதை வாங்கிக்கொண்டேன். பிறகு அவர், "ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா மேடம்? முறைய விட்டுட்டுப் பாத்தா, உள்ளபடி நான் எந்தப் பெட்டி?" என்றார். நான் சொன்னேன், நீங்க ரொம்ப நல்லாப் பண்றீங்க மகாந்தேஷ் என்று. அவர் சிரித்தார். "அது நீங்க எல்லாருக்கும் சொல்றதுதானே மேடம்."

அவ்வளவுதான். ரொட்டியைச் சாப்பிட்டு முடித்தார். டப்பாவைக் கழுவினார். என் டப்பாவையும் எடுத்துக் கழுவிக் கொடுத்தார்.

அந்தக் கேள்வியோடு நேற்று வரை மூன்று நாள் இருந்தேன். எனக்குப் பதில் தெரியவில்லை என்பதுதான் வெட்கம். சொல்லத் தயங்கினேன் என்றால் பரவாயில்லை. தெரியவில்லை. முறை வைத்த பிறகு யாரையும் பார்க்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. யார் எதில் வளர்ந்தார்கள், யார் எங்கே நின்றுவிட்டார்கள், ஒன்பது பேரின் வாழ்க்கையில் இத்தனை வருஷம் என் கையில் இருந்தது, நான் பார்க்கவே இல்லை. மாமனாரின் கண் ஆபரேஷன் தெரியும். குழந்தைகளின் பெயர் தெரியும். வேலை தெரியாது.

உன் அப்பாவிடம் வியாழக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகு சமையல் அவர் பொறுப்பு, உனக்குத் தெரியும், எண்ணெய்க் கத்தரிக்காய் செய்திருந்தார். "நீ இங்கயும் அப்படித்தான் சுமா" என்றார். "நான் சமைக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து கறியில உப்பு பத்தல. பத்தலன்னு நீ ஒரு தடவ சொன்னதில்ல. நான் கை கழுவப் போற நேரத்துல நீ அள்ளிப் போட்டுக்கற. கை கழுவற இடத்துக் கண்ணாடியில தெரியுது. சொன்னா என்ன, நான் கரண்டியத் தூக்கி எறிஞ்சிடுவேனா? சொன்னாத்தானே நாளைக்கு நான் சரியாப் போடுவேன்." பிறகு அவரே, "உனக்கு நல்லவள்னு பேர் வேணும். சாப்பாடு எப்படி இருந்தா உனக்கென்ன" என்றார். வங்கியில் இத்தனை வருஷம் அதிகாரியாக இருந்த மனிதர், ஒரு நாளும் என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குக் கோபம் வந்தது. அதுவும் உண்மை. கோபம் போன பிறகு வெட்கம் முன்பைவிடப் பெரிதாக இருந்தது. இன்று மதியம் பீர்க்கங்காய்க் கறியிலும் உப்பு இல்லை. இன்றும் நான் சொல்லவில்லை.

நேற்று சனிக்கிழமை அலுவலகம் போனேன். ஆள் இல்லை, காவலாளி ஏன் மேடம் லீவு நாளில் என்று கேட்டார், சும்மா என்றேன். இந்த வருஷம் என் பிரிவிலிருந்து போன வரைபடங்களைத் திறந்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவம் கம்ப்யூட்டரில் தங்கியிருக்கும், அவர்கள் எனக்கு அனுப்பியது ஒன்று, நான் பார்த்துக் கையெழுத்திட்டது ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் என் மேலதிகாரி சிவப்புப் பேனாவில் கோடு போட்டுத் திருப்பி அனுப்புவார், முகம் கொடுத்துப் பேசமாட்டார், ஒரே தாள் நாலு தடவை திரும்பி வரும். எனக்கு அது பிடிக்காது. நான் தலைமைக்கு வந்ததும் சிவப்புப் பேனாவை நிறுத்தினேன். தவறு இருந்தால் நானே திருத்திக் கையெழுத்திட்டு அனுப்பிவிடுவேன். வேகமாக முடிந்துவிடும், யார் முகமும் வாடாது. எனக்கு வரையத்தான் வரும் ஸ்பூர்த்தி. ஆட்களை வைத்து வேலை வாங்கு என்று பதவி கொடுத்தார்கள், நான் அறைக்குள் உட்கார்ந்து ஒன்பது பேர் வேலையைத் திரும்ப வரைந்துகொண்டிருந்தேன்.

மகாந்தேஷின் இரண்டு வடிவங்களுக்கும் வித்தியாசமே இல்லை. திருத்த எனக்கு ஒன்றும் இருந்ததில்லை. ராஜேஸ்வரியுடையதில் விடுப்புக்கு முன்பு இருந்த தவறுகள் விடுப்பிலிருந்து வந்த பிறகு காணோம், அவளே எங்கோ கற்றுக்கொண்டிருக்கிறாள், நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை. விநாயக்குடையது. எப்படி எழுதுவது. ஒரே தவறு, ஒவ்வொரு தாளிலும். துளை எங்கே வர வேண்டும் என்கிற அளவை, கடைந்து வழவழப்பாக்கிய பரப்பிலிருந்து கொடுக்க வேண்டும், அது எங்கள் தொழிலில் முதல் பாடம். அவன் வார்ப்பிலிருந்து அப்படியே வந்த கரடுமுரடான பரப்பிலிருந்து கொடுக்கிறான். அந்தப் பரப்பு ஒவ்வொரு வார்ப்புக்கும் கொஞ்சம் மாறும், அதை நம்பித் துளை போட்டால் துளை இடம் மாறி நிற்கும், வால்வு மூடாது. மூடாத வால்வு ஒன்றுகூட வெளியே போகவில்லை, ஏனென்றால் நான் திருத்தியிருக்கிறேன். தாள் தாளாக. அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அவன் தன்னை நல்ல வரைவாளன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், ஏன் நினைக்கமாட்டான், ஒரு தாள்கூடத் திரும்பி வந்ததில்லையே. பஜ்ஜிக் கடையில் எல்லாரையும் சிரிக்க வைக்கிற விநாயக். எனக்கு முழங்கால் வலி என்றால் தைலம் வாங்கி வருகிறவன். போன மாதம் தன் மகளுக்குத் தொட்டில் போட்டபோது என்னை முதல் ஆளாகக் கூப்பிட்டவன்.

நாலாவது பெட்டி என்று ஒன்று இருந்தே தீர வேண்டும் என்றால் அது அவனுடையது. அவனை அங்கே கொண்டுவந்ததில் பாதி நான்.

இரண்டு வருஷம் முன்பு எங்களைத் தார்வாட் சாலையில் ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப்போய் மேனேஜர் பயிற்சி கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா, நல்ல சாப்பாடு என்று உனக்குப் படம் அனுப்பினேன். குறையைச் சொல்லும்போது முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் ஒரு பாராட்டு என்று பாடம் நடத்தினார்கள். நான் குறிப்பெடுத்தேன். நன்றாகக் கைவந்தது. மேலே பாராட்டு வைத்தேன், கீழே பாராட்டு வைத்தேன். நடுவில் ஒன்றும் வைக்கவில்லை. யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லாதவர் சுமங்களா மேடம் என்பார்கள். ஒரு உண்மையான சொல்லும் சொன்னதில்லை.

இனி உன் விஷயம். உன் கீழே ஆறு பேர், உங்கள் கம்பெனியிலும் இந்தப் பெட்டி வந்துவிட்டது, நீயும் முறை வைக்கலாம் என்று நினைக்கிறாய். முதல் முறையை அந்தப் புதுப் பெண்ணுக்குக் கொடுக்கலாம், போலந்திலிருந்து வந்தவள், அவள் ஒன்றும் சொல்லமாட்டாள் என்றாய். நான் சரி என்றேன். அந்த வாக்கியம் நாலு நாளாக என் காதில் இருக்கிறது. ஒன்றும் சொல்லாதவர்களிடமிருந்துதான் முறை தொடங்குகிறது. இங்கே ஒன்றும் சொல்லாதவர் மகாந்தேஷ். உன்னைவிட வயதில் மூத்த அந்த யோஹனைப் பார்த்து நீ பயப்படுகிறாய் என்பது எனக்குத் தெரியும், அவர் கணக்குகள் தாமதமாக வருகின்றன என்று நீயே சொன்னாய், அவரிடம் சொல்லாமல் நீ இரவில் உட்கார்ந்து முடிக்கிறாய் என்றும் சொன்னாய். நான் அதைக் கேட்டுப் பாவம் குழந்தை என்றேன். பாவம் இல்லை. நீ என்னைப் போல ஆகிக்கொண்டிருக்கிறாய். அவர் கணக்கை நீ முடிக்காதே, திருப்பி அனுப்பு. ஏன் என்று நேரில் போய்ச் சொல். மார்ச்சுக்காகக் காத்திருக்காதே, தவறு நடந்த வாரத்திலேயே சொல். ஒவ்வொருவரிடமும் உங்களுக்கு அடுத்து என்ன வேண்டும் என்று கேள், கேட்டுவிட்டு அவர்கள் பேசும்வரை வாயை மூடிக்கொண்டிரு. பெட்டியில் ஒரு பெயர் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த ஆளுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். இதையெல்லாம் அறிந்தவள் மாதிரி எழுதுகிறேன், ஒன்றைக்கூடச் செய்ததில்லை. எழுதும்போதே முகம் சுடுகிறது.

இன்னொன்று. போன மாதம் உன் முதல் பெரிய கூட்டத்துக்குத் தயாரித்ததை எனக்கு அனுப்பி எப்படி இருக்கிறது அம்மா என்று கேட்டாய். பிரமாதம் என்றேன். பிரமாதம் இல்லை. நீங்கள் எவ்வளவு வேலை செய்தீர்கள் என்று முதல் பாதி முழுக்கச் சொல்லியிருந்தாய், அவர்கள் எதை முடிவு செய்ய வேண்டும் என்பது கடைசித் தாளில் ஒரு ஓரத்தில் இருந்தது. அதை முதலில் கொண்டுவா. நான் அன்றே பார்த்தேன், சொல்லவில்லை, நீ சந்தோஷமாக இருந்தாய். கூட்டத்தில் அவர்கள் பாதியில் எழுந்து போனார்கள் என்று நீ பிறகு அழுதபோதும் சொல்லவில்லை. அவர்களுக்கு மரியாதை தெரியாது என்றேன். கோபப்படு, பரவாயில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. என்னிடமும் அப்படி நீ சொல்லாமல் வைத்திருப்பது ஏதாவது இருக்கும், சொல்.

வீட்டு விஷயம் அதிகம் இல்லை. மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, ஆள் வருகிறேன் வருகிறேன் என்கிறான். ஞாயிறு என்பதால் காலையில் சித்தாரூட மடத்துக்குப் போனோம், உன் பெயரும் மாப்பிள்ளை பெயரும் சொல்லிக் கும்பிட்டேன். எனக்காக ஒன்றும் கேட்கவில்லை, கேட்க நாக்கு வரவில்லை. வெயில் இப்போதே தொடங்கிவிட்டது. யுகாதி வருகிறது, மறக்காதே, அங்கே வேப்பம்பூ கிடைக்காது, பொடியோடு கொஞ்சம் காய்ந்த பூவைப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன், வெல்லத்தோடு வாயில் போட்டுக்கொள். வெல்லத்தை மட்டும் தின்றுவிட்டுப் பூவை ஒதுக்காதே, சின்ன வயதிலிருந்து அதுதான் செய்கிறாய். சட்னிப்பொடியை ஈரக் கரண்டியால் எடுக்காதே. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். உன் கீழே வேலை செய்கிறவர்கள் உன்னை நல்லவள் என்று சொல்லாவிட்டாலும், உன்னிடம் வேலை பார்த்ததால் வளர்ந்தோம் என்று சொல்ல வேண்டும். என் ஆசீர்வாதம் இந்த வருஷம் அதுதான்.

உன் அம்மா,
சுமங்களா

திங்கள் மாலை. பொட்டலத்தை இன்னும் ஒட்டவில்லை, அதனால் சேர்க்கிறேன். காலையில் விநாயக்கை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். வரைபடங்களை அச்செடுத்து ஜோடி ஜோடியாக மேசையில் பரப்பினேன். நாலாவது பெட்டியில் உன் பெயரை எழுதப் போகிறேன், இது முறை இல்லை என்றேன். "மறுபடியும் நானா மாப்பிள்ளை? இந்தத் தடவயாச்சும் சூடான பஜ்ஜி மேடம்" என்று சிரித்தான். பிறகு தாள்களைப் பார்த்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தான். "இத்தன நாளா ஏன் மேடம் சொல்லல?" என்றான். பயம் என்றேன். மூன்று மாதக் கெடுவையும் சொன்னேன்.

மதியத்துக்கு முன்பே தேசாயியிடம் போய் முறையைப் பற்றிச் சொன்னேன், பஜ்ஜி உட்பட. அவன், "அப்ப நீங்க இதுவரைக்கும் குடுத்ததெல்லாம் பொய்யா மேடம்? எல்லா வருஷத்துக்கும் விளக்கம் எழுதிக் குடுங்க" என்றான். கொடுக்கிறேன் என்றேன். ஏப்ரலில் பிரிவு என்னிடம் இருக்காது போலிருக்கிறது. மகாந்தேஷின் பெயரை எடுத்து முதல் பெட்டியில் வைத்தேன், விநாயக் பெயரை எழுதினேன், பிரிவு என்னிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த மூன்று மாதமும் அவனோடு உட்காரப் போகிறவள் நான் என்று அதன் கீழே எழுதினேன். மகாந்தேஷிடம் அவருக்கான பதிலைச் சொன்னேன். வரைவதில் முதல் பெட்டி, ஆனால் மற்றவர் வேலையையும் நீங்களே செய்துவிடுகிறீர்கள், ராஜேஸ்வரி முறையை வாங்கிக்கொண்டதும் அதுதான், என்னைப் போலவே ஆவீர்கள். "அப்ப பெலகாவி?" என்றார். இன்னும் இல்லை என்றேன். முகம் சுருங்கியது. நான் பார்வையை எடுக்கவில்லை.

திரும்பி வந்தபோது விநாயக் வீட்டுக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன். தன் இடத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டேன். முதல் தாளை அவன் முன்னால் வைத்தேன், அவன் அனுப்பியதை, நான் திருத்தியதை அல்ல. சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன்.